பிரெஞ்சு சோறு போடுமா, டீச்சரம்மா?

முக்கூடல் வட்டாரத்திலிருந்து ஒரு தகப்பனார் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். மனைவி வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். ஒரே மகள். பத்தாம் வகுப்பு வரை பக்கத்து ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், அதன்பின் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வணிகவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். தமிழை விடப் பிரெஞ்சில் மதிப்பெண் கூடுதலாக வாங்கலாம் என்று அங்கே சொன்னதால் அதையே மொழிப்பாடமாக எடுத்திருக்கிறாள். மதிப்பெண்ணுக்காகத் தொட்ட மொழி பிள்ளையை விடவில்லை. பிளஸ் டூவில் பிரெஞ்சில் 100-க்கு 97 வாங்கிவிட்டு, பட்டப் படிப்பும் பிரெஞ்சுதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அப்பா அதற்குள் ஒரு கல்லூரியில் பி.காம். படிப்புக்கு 15,000 ரூபாய் கட்டி, மூலச் சான்றிதழ்களையும் ஒப்படைத்துவிட்டார். இப்போது விலகினால் பணம் திரும்பாது, சான்றிதழும் மூன்று வருடம் கழித்துத்தான் என்கிறார்களாம். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், ஆறு மாதத்தில் பிரான்சுக்கு அனுப்பிவிடலாம், பிறகு கனடாவில் குடியேறுவது சுலபம், மொத்தம் 12 லட்சம், முன்பணம் 50,000 என்று சொல்லிப் போயிருக்கிறார். மைத்துனரோ, பிரெஞ்சு படித்தால் அரசு வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது, மொழிபெயர்க்க போனே போதும் என்கிறார். வீட்டில் அம்மாவுக்கு வேறு பயம்: ‘பிரெஞ்சு மொழியும் கலாச்சாரமும்’ என்று பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறதே, பிள்ளை மாறிப்போய்விடுவாளோ என்று. “நாற்பது சென்ட் வயல் இருக்கிறது. விற்கவா, வேண்டாமா? இந்தப் படிப்பு சோறு போடுமா, டீச்சரம்மா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள அண்ணாச்சி,

வயலை விற்க வேண்டாம். மற்றதைப் பிறகு பேசுவோம், இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடையில் உள்ள டப்பாக்கள் மேலெல்லாம் மகள் சாக்பீஸால் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறாள் என்றும், உப்பு டப்பாவின் மேல் ‘செல்’ என்று இருப்பதைப் படித்துவிட்டு ஒருவர் செல்போன் ரீசார்ஜ் உண்டா என்று கேட்டார் என்றும். முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்த 97-ஐ விட இந்த உப்பு டப்பாதான் பெரிதாகத் தெரிகிறது. யாரும் கேட்காமல், மதிப்பெண் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளை மொழியை எழுதிப் பார்க்கிறாள் என்றால் அது சும்மா வந்த ஆசையாக இருக்காது.

சான்றிதழும் பணமும்: இதுதான் அவசரம்

நாள் கடந்தால் கை நழுவிப் போகக்கூடியது என்பதால் இதை முதலில் சொல்கிறேன். மாணவரின் மூலச் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. சேர்க்கையின்போது மாணவர் முன்னிலையில் சரிபார்த்துவிட்டு, அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்திட்ட நகல்களை வைத்துக்கொள்ள மட்டுமே அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ‘மூன்று வருடம் கழித்து’ என்பதற்கு எந்தச் சட்டமும் கிடையாது.

பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். செயல்முறைச் செலவு என்று 5 விழுக்காடு வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் 90 விழுக்காடு. கடைசித் தேதி கடந்து 15 நாளுக்குள் என்றால் 80, 16-லிருந்து 30 நாளுக்குள் என்றால் 50. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. எழுத்து மூலம் விண்ணப்பித்த 15 நாளில் பணத்தைத் தர வேண்டும்.

ஆகவே வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் விலகல் கடிதம் எழுதி, தேதி போட்டு, மகளும் கையெழுத்திட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மானியக் குழுவின் ‘இ-சமாதான்’ இணையதளத்தில் புகார் செய்யலாம். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. விதி தெரிந்தவர் வந்திருக்கிறார் என்றால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

பி.காம். வேண்டாம் என்று முடிவாகாவிட்டாலும் சான்றிதழை மட்டுமாவது வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் வேறு எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது.

97 என்பது எவ்வளவு?

அண்ணாச்சி, நீங்கள் தினமும் எண்ணிக்கையோடு புழங்குகிறவர். 97 என்பதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டுமானால் ‘நாலு இருபது பதினேழு’ என்று சொல்ல வேண்டும். எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது, ‘அறுபது பத்து’. எண்பது, ‘நாலு இருபது’. சிரிப்பாக இருக்கிறதா? நம் தொண்ணூறுக்குள்ளும் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது, பழக்கத்தில் நாம் அதைக் கவனிப்பதில்லை. வேறொரு மொழியைப் படிக்கும்போதுதான் சொந்த மொழியின் விசித்திரமும் கண்ணில் படுகிறது.

அந்த நாலு இருபது பதினேழு நல்ல மதிப்பெண்தான். ஆனால் அதை வைத்து மகளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்நிலைப் பள்ளிப் பிரெஞ்சு பெரும்பாலும் இலக்கணப் பயிற்சியும் மனப்பாடமும். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் வாயால் பேசுவதற்கும் அதில் இடம் குறைவு. உலகம் முழுவதும் மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக அளக்கிறார்கள். நம் பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலும் முதல் இரண்டு படிகளில்தான் நிற்பார்கள். வேலைக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் கேட்பது நான்காம் படியான பி2. ஒன்றும் தெரியாதவர் அங்கே போய்ச் சேர சுமார் 600 மணி நேரப் படிப்பு தேவை என்பது பொதுவான கணக்கு. தினம் 2 மணி நேரம் என்றால் 300 நாள்.

மகள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பிரான்ஸ் நாட்டின் ஆர்.எஃப்.ஐ. வானொலி, மொழி கற்பவர்களுக்காகவே எளிய பிரெஞ்சில் 10 நிமிடச் செய்தி ஒலிபரப்புகிறது. போனில் இலவசமாகக் கேட்கலாம். கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் மகளை உட்கார வைத்து அதைக் கேட்கச் சொல்லி, என்ன செய்தி என்று தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பாதி சொன்னால் நல்ல அடித்தளம் இருக்கிறது. ஒன்றும் பிடிபடாவிட்டால் வருந்த வேண்டியதில்லை, ஆனால் அந்த உண்மையோடுதான் கல்லூரிக்குள் போக வேண்டும். 97 வாங்கிவிட்டு முதல் வாரத்தில் பேராசிரியர் பேசுவது புரியாமல் அழுது திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர்கள் அழுதிருக்க மாட்டார்கள்.

‘கலாச்சாரம்’ என்ற பயம்

உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பாடத்தில் உடையும் உணவும் மது வகையும் சொல்லித்தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். 1789-ன் புரட்சி, பள்ளிக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய 1881, 1882-ம் வருடச் சட்டங்கள், அரசையும் தேவாலயத்தையும் பிரித்த 1905-ம் வருடச் சட்டம், ஆப்பிரிக்காவிலும் இந்தோசீனாவிலும் பிரான்ஸ் ஆண்ட கதை, 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது, இன்று கனடாவின் கியூபெக்கிலும் செனகலிலும் கரீபியன் தீவுகளிலும் எழுதப்படும் இலக்கியம் என்று விரியும் பாடம் அது. அதைப் படிக்கிற பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் வரும். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944-ல்தான் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம், சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு 1921-லேயே அது கிடைத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று. முக்கூடலிலிருந்து கடையம் எத்தனை தூரம்? பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1908 முதல் 1918 வரை பத்து வருடம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் தங்கி, பிரெஞ்சும் கற்று, அதன்பிறகு பாரதி வந்து வாழ்ந்த ஊர். எட்டயபுரத்தில் பிறந்து நெல்லையில் படித்த அந்த மனிதரின் தமிழைப் பிரெஞ்சு கெடுத்துவிட்டதா? அவர் நடத்திய பத்திரிகையில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களும் முழக்கமாக வந்தன. உங்கள் பிள்ளையும் தமிழோடு போய்த் தமிழோடு திரும்புவாள், அந்த அக்கறையை நீங்கள் இருவரும் விடாமல் இருந்தால்.

ஏஜென்ட் சொன்ன கணக்கு

பிளஸ் டூ முடித்தவர் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு வழியில் இளநிலை முதலாண்டு சேர வேண்டுமானால் பொதுவாக பி2 நிலையைக் காட்ட வேண்டும். 600 மணி நேரம் என்று மேலே சொன்ன கணக்கை வைத்து, ஆறு மாதத்தில் அது நடக்குமா என்று நீங்களே பாருங்கள். விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையில்லை. பிரெஞ்சு அரசின் ‘காம்பஸ் பிரான்ஸ்’ அமைப்பு வழியாக மாணவரே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டுக்கும் திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது.

செலவும் அவர் சொல்வது போல மர்மமானது கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணமாக 2019-ல் இளநிலைக்கு 2,770 யூரோவும் முதுநிலைக்கு 3,770 யூரோவும் நிர்ணயித்தார்கள். பின்னர் கொஞ்சம் கூடியிருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் சலுகையும் தருகின்றன. பெரிய செலவு தங்குவதும் சாப்பிடுவதும்தான். மாதம் 615 யூரோ கையில் இருப்பதை விசாவுக்குக் காட்ட வேண்டும். மாணவர் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு உதவும், முழுச் செலவையும் தாங்காது.

கனடா விஷயத்தில் ஏஜென்ட் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த நாடு 2023 முதல் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களைத் தனிப் பிரிவில் அழைக்கிறது என்பது சரி. அதற்கு வேறு தேர்வு எழுத வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. பிரெஞ்சு மொழித் திறனுக்குப் பிரான்ஸ் அரசு தரும் டெல்ஃப் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும், ஆனால் கனடா குடியேற்றத்துக்கு அதை ஏற்க மாட்டார்கள். அங்கே டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா தேர்வு முடிவுதான் வேண்டும், அதுவும் இரண்டு வருடம்தான் செல்லுபடியாகும். கல்வித் தகுதி, வேலை அனுபவம், வயது எல்லாம் சேர்ந்த பிறகுதான் அழைப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இன்று யாரும் அதை உறுதிசொல்ல முடியாது. சொல்கிறவரிடம் பணம் கொடுக்கக் கூடாது.

பிரான்சுக்குப் போகும் ஆசை இருந்தால் பி.ஏ. முடித்துவிட்டு முதுநிலைக்குப் போவதே செலவு குறைந்த வழி. நன்றாகப் பிரெஞ்சு படித்த இந்திய மாணவர்களை அங்கே உள்ள பள்ளிகளில் ஆங்கில உதவியாசிரியராக ஏழு மாதம், உதவித்தொகையோடு எடுத்துக்கொள்ளும் திட்டமும் உண்டு. என் மாணவி ஒருத்தி, நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை, அப்படித்தான் முதன்முதலில் விமானம் ஏறினாள்.

சோறு போடுமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெறும் பி.ஏ. பட்டம் சோறு போடாது. பி2 நிலை சான்றிதழோடு வரும் பி.ஏ. போடும். அதோடு இன்னொரு தொழில் அறிவும் சேர்ந்தால் நன்றாகவே போடும்.

மைத்துனர் அரசு வேலை பற்றிச் சொன்னது தவறு. ஏதேனும் ஒரு பட்டம் என்று கேட்கும் எல்லாத் தேர்வுக்கும் பி.ஏ. பிரெஞ்சு போதும். குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம், ஐ.ஏ.எஸ். தேர்வும் எழுதலாம். ஆனால் டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாள் திருத்தப்படாது, ஆகவே தமிழை அவள் விட்டுவிடக் கூடாது. பட்டம் கேட்கும் வேலைகளில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு, ஆங்கில வழிக்கு மாறிய அன்றே கைவிட்டுப் போய்விட்டது. பி.காம். படித்தாலும் அது திரும்பாது.

போன் மொழிபெயர்க்கிறதே என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. யாரையாவது பார்த்தவுடன் நாம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறோம். போன் அதை எழுத்துப் பிசகாமல் பிரெஞ்சில் தரும். கேட்கிற பிரெஞ்சுக்காரர், இவர் நம்மைச் சாப்பிட அழைக்கிறார் என்று நினைப்பார். நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு: ‘த்யூ’, ‘வூ’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும் வாக்கியம் இடையில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் மரியாதை தொலைந்துபோகிறது. மருத்துவரையோ நீதிபதியையோ ‘நீ’ என்று அழைத்தால் என்ன ஆகும்? சாதாரணக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைத்த காலம் போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பொறுப்போடு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில், மருத்துவம், சட்டம், கணக்கு, இன்னமும் ஆள்தான் வேண்டும்.

அங்கேதான் உங்கள் மகளின் தமிழுக்கு விலை இருக்கிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் ஏராளம். பிரெஞ்சும் நல்ல தமிழும் தெரிந்தவர்கள் குறைவு. பாரிஸில் லா ஷப்பல் பகுதிக்குப் போனால் தமிழில் பெயர்ப்பலகை பார்க்கலாம். ஈழத்திலிருந்து போன தமிழர்கள் கடை வைத்து வாழும் இடம். ரீயூனியன் தீவிலும் மொரீஷியஸிலும் தமிழ் வம்சாவளியினர் பிரெஞ்சோடு வாழ்கிறார்கள். புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. அங்கே பேணப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பிரான்சுவா குரோ என்ற பிரெஞ்சு அறிஞர் பரிபாடலை மொழிபெயர்த்து 1968-ல் வெளியிட்டார். அங்கிருந்து வந்து நம் சங்க இலக்கியத்தை அவர் கற்றார் என்றால், இங்கிருந்து போய்ச் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. இத்தகைய ஆய்வு வேலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டு மொழியால் சோறு உண்டது புதிதும் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரு மொழிக்காரர். அவரும் உங்களைப் போல வியாபாரிதான், அண்ணாச்சி. 1736-லிருந்து 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும் சரக்கு விவகாரமும் ஆளுநர் டூப்ளேயின் பேச்சும் ஒரே தாளில் தமிழில் கிடக்கின்றன.

இன்றைய நடைமுறையில் அதிகம் கிடைக்கும் வேலைகள் இரண்டு. ஒன்று, ஆசிரியர் வேலை. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சு இருக்கிறது. பள்ளிக்கு பி.எட்., கல்லூரிக்கு எம்.ஏ.வும் நெட் தேர்வும் வேண்டும். இன்னொன்று, சென்னையிலும் பெங்களூரிலும் பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் கணக்கு, காப்பீடு, கொள்முதல் வேலைகளைச் செய்துதரும் நிறுவனங்கள். இங்கே வணிகவியல் படித்த உங்கள் மகளுக்குக் கூடுதல் வாய்ப்பு. ஒரகடத்தில் ரெனோ தொழிற்சாலை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பிரெஞ்சு நிறுவனம் என்பதாலேயே பிரெஞ்சு படித்தவருக்கு அங்கே நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள். முதலில் தொழில், பிறகுதான் மொழி.

எங்கே, எப்படி

நீங்கள் விசாரித்த வரை நெல்லையில் பி.ஏ. பிரெஞ்சு இல்லை என்கிறீர்கள். சென்னையில் லயோலா கல்லூரியில் இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் பிரெஞ்சை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள். கட்டணம் குறைவு, ஆனால் க்யூட் நுழைவுத் தேர்வுக்கு பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் நல்ல இடம். எம்.ஏ.வுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம்.

வீட்டை விட்டு அனுப்ப இந்த ஆண்டு மனம் வராவிட்டால் இன்னொரு வழி. நெல்லையிலேயே பி.காம். படிக்கட்டும், பகுதி 1 என்ற மொழிப்பாடத்தில் பிரெஞ்சு தரும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். அதோடு பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் அமைப்பின் இணைய வகுப்பில் டெல்ஃப் படிகளை ஒவ்வொன்றாக ஏறட்டும். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே அவர்களின் மையம் இருக்கிறது. பி.காம். பட்டமும் பி2-வும் உள்ளவர் சாதாரண பி.ஏ. பிரெஞ்சுக்காரரை விட வேகமாக வேலைக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். இது இரண்டாந்தர வழி என்று நினைக்க வேண்டாம். ஆனால் கல்லூரிப் பாடத்துக்கு நடுவே தினம் 2 மணி நேரம் பிரெஞ்சுக்கு ஒதுக்கும் வைராக்கியம் வேண்டும். இலக்கியத்தில் ஆசை உள்ள பிள்ளைக்கு அது தாகம் தீர்க்காது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், வானொலிச் சோதனையில் மகள் பாதியாவது தேறினால் பி.ஏ.வுக்கே அனுப்புங்கள் என்பேன்.

பண விஷயத்தில் ஒரு திருத்தம், ஒரு நல்ல செய்தி. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால்தான் அது உண்டு. மகள் கடைசி இரண்டு வருடம் தனியார் பள்ளியில் படித்ததால் கிடைக்காது. ஆனால் உங்கள் மனைவியின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை மறந்துவிட்டீர்களே! பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை பட்டப் படிப்புக்கு வருடம் 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு உண்டு, வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். மீதிக்குக் கல்விக் கடன் வாங்கலாம். 4 லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது. வயல் அதன்பாட்டில் கிடக்கட்டும்.

ஒரு வாரக் கடைசியில் மூன்று பேருமாக நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கி, புதுச்சேரிக்கு பஸ் பிடியுங்கள். தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து இருப்பதை உங்கள் மனைவி பார்க்கட்டும். மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன் எனக்கு மகள் ஒரு கடிதம் எழுத வேண்டும். காலையில் கடை திறந்ததிலிருந்து முதல் பத்து வாடிக்கையாளர் வரை என்ன நடக்கிறது என்பதை ஒரு பக்கம் பிரெஞ்சிலும், அதையே ஒரு பக்கம் தமிழிலும். அகராதி பார்க்கலாம், போன் மொழிபெயர்ப்பு கூடாது. பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, இந்த முறை அவளுக்கே பதில் எழுதுகிறேன்.